பதினாலாயிரம் கிலோமீட்டரும் பெருக்காத வீடும்

திருச்சி விமான நிலையத்துக்கும் சான் ஃபிரான்சிஸ்கோ விமான நிலையத்துக்கும் எவ்வளவு தூரம் என்று இணையத்தில் கேட்டால் உடனே பதில் வந்துவிடுகிறது. சுமார் பதினாலாயிரம் கிலோமீட்டர். கூடவே பறக்கும் நேரம் என்று பதினேழு மணி சொச்சம் போடுகிறார்கள். உலக உருண்டையின் மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்து அளந்த கணக்கு அது. அப்படி நூல் பிடித்தாற்போல் நேராகப் போகிற விமானம் எதுவும் திருச்சியிலிருந்து கிடையாது. இல்லாத விமானத்துக்கு நேரம் சொல்கிறார்கள். திருவெறும்பூர் தொழிற்சாலையில் வேலை பார்த்த காலமெல்லாம் அளவு வேறு, குத்துமதிப்பு வேறு என்று கத்திக்கொண்டிருந்தவன் நான். இந்த மாதிரிக் கணக்கைப் பார்த்தால் இப்போதும் எனக்குக் கோபம்தான் வரும்.

என் மனைவி இந்தத் தூரத்தை அளக்க வேறொரு வழி வைத்திருக்கிறாள். துடைப்பத்தை எடுக்காமல் இருப்பது.

வீட்டிலிருந்து ஒருவர் ஊருக்குக் கிளம்பினால், அவர் போய்ச் சேர்ந்த தகவல் வரும்வரை வீட்டைப் பெருக்கக் கூடாது, தலைக்குக் குளிக்கக் கூடாது. எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் உள்ள வழக்கம்தான். எங்கள் சொந்த ஊர் பக்கத்திலுள்ள முசிறி. அங்கே போகிறவர் போய்ச் சேருவதற்குள் யாருக்கும் துடைப்பத்தின் ஞாபகமே வராது, வழக்கம் தன் பாட்டுக்குக் காப்பாற்றப்பட்டுவிடும். சென்னை என்றால் ஒரு காலைப்பொழுது. நான் மின் நிலையம் கட்டுகிற இடங்களுக்கு வடக்கே ரயிலில் போன நாட்களில் குவார்ட்டர்ஸ் வீட்டில் போன் கிடையாது. அப்போது அவள் ரயில் அட்டவணையை வைத்துக் கணக்குப் போட்டு, ரயில் தாமதத்துக்கென்று இன்னொரு வேளையைத் தானாகச் சேர்த்துக்கொண்டு, அதற்குப் பிறகுதான் பெருக்குவாள். எங்கள் ஒரே மகள் கலிபோர்னியாவுக்கு வேலைக்குப் போன பிறகு இந்த விரதம் ஒரு முழு நாளாக நீண்டுவிட்டது. மகள் லீவு முடிந்து திரும்பிப் போகிற ஒவ்வொரு முறையும் எங்கள் ஸ்ரீரங்கம் வீட்டுத் தரையில் ஒரு நாள் குப்பை கிடக்கும்.

நானும் மகளும் சேர்ந்துகொண்டு அவளைக் கேலி செய்வோம். ஒருமுறை மகள் கேட்டாள்.

"ஏம்மா, நான் மேல பறக்கறப்ப நீ கீழ பெருக்கினா இன்ஜின் நின்னுடுமா?"

"நிக்காது. ஆனா நான் எதுக்குப் பெருக்கணும்?" என்றாள் என் மனைவி.

நான் விடாமல் வேறு பக்கமாகப் போனேன். போய்ச் சேர்ந்தது என்று எதைச் சொல்கிறாய், விமானம் தரையைத் தொட்டதும் போதாதா என்று கேட்டேன்.

"இறங்கினா சேர்ந்த மாதிரியா? அவ வீட்டுக்குப் போயி, ஒரு வாய் தண்ணி குடிக்கணும். அப்பத்தான் சேர்ந்த மாதிரி."

எனக்கு அது பிடித்திருந்தது, ஒப்புக்கொள்ளத்தான் மனசு வரவில்லை. இணையக் கணக்கில் இமிக்ரேஷன் வரிசை இல்லை, பெட்டிக்காக நிற்பது இல்லை, காரில் போகிற தூரமும் இல்லை. இவள் கணக்கில் எல்லாம் இருந்தது.

மகள் கல்யாணமாகி உண்டானாள். எட்டாம் மாதம் முடியும்போது அங்குள்ள டாக்டர், குழந்தை முன்கூட்டியே வரலாம், வீட்டில் பெரியவர்கள் யாராவது இருந்தால் நல்லது என்று சொல்லிவிட்டார். நாங்கள் இரண்டு பேரும் போவதாக இருந்தது. அந்த நேரம் பார்த்து எனக்கு ஹெர்னியா ஆபரேஷன். கொஞ்ச நாளைக்கு நீண்ட பயணம் கூடாது, குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது என்று சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் தேறட்டும் என்று காத்திருந்தால் குழந்தை காத்திருக்காது.

"நான் தனியாப் போறேன்" என்றாள் மனைவி.

அவள் அதுவரை தனியாகச் சென்னைக்குக்கூடப் போனதில்லை. ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படிப்பாள், பேசக் கூச்சம். சிங்கப்பூரில் இறங்கி, அத்தனை பெரிய விமான நிலையத்தில் அடுத்த விமானத்தைத் தேடிப் பிடித்து ஏற வேண்டும். அதைத் தவறவிட்டால் மகளுக்கு வலி எடுக்கும்போது பக்கத்தில் யார் இருப்பார்கள் என்பதே என் கவலை. வீல்சேர் கேட்டு வைத்துவிடலாம், யாராவது தள்ளிக்கொண்டே போய் ஏற்றிவிடுவார்கள் என்று யோசனை சொன்னேன். தெரிந்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

"கால் ரெண்டும் நல்லாத்தானேங்க இருக்கு. நெசமாவே நடக்க முடியாதவங்களுக்கு உள்ளதை நான் எதுக்கு எடுத்துக்கணும்? கேட்டுக்கிட்டே போயிடுவேன்."

அவள் கேட்டுக்கொண்டே போகட்டும் என்று விட்டுவிட என்னால் முடியவில்லை. உட்கார்ந்து ஒரு வரைபடம் போட்டேன். எந்த வழியாக வெளியே வர வேண்டும், எங்கே ரயில் ஏறி அடுத்த டெர்மினலுக்குப் போக வேண்டும், போனில் இலவச வைஃபையை எப்படிப் பிடித்து எனக்குத் தகவல் அனுப்ப வேண்டும், எல்லாம் அதில் இருந்தது. அம்புக்குறிகளைச் சிவப்பில் போட்டிருந்தேன். அவள் அதை மரியாதையாக வாங்கிப் பார்த்து, "அழகா இருக்கு" என்றாள்.

முற்பகல் விமானம். வழக்கம்போல் காவிரிப் பாலத்தில் கார் ஊர்ந்தது, எனக்கு வயிற்றுத் தையல் இழுத்தது. புது டெர்மினல் சுவரில் ஸ்ரீரங்கம் கோபுரத்தைப் பெரிதாக வரைந்து வைத்திருக்கிறார்கள். "மாடிக்குப் போனா தெரியறதைப் பார்க்க இவ்வளவு தூரம் வந்திருக்கோம்" என்று அவள் சிரித்தாள். பிறகு மாத்திரை, மோர், பால்காரர் என்று எனக்குச் சொல்ல வேண்டியதை எல்லாம் சொன்னாள். வீட்டைப் பெருக்குவதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நான் வீட்டுக்கு வந்தபோது வேலைக்கு வரும் அம்மா பாத்திரத்தை முடித்துவிட்டுத் துடைப்பத்தோடு கூடத்தில் நின்றார். தரையெல்லாம் பெட்டி கட்டியதன் மிச்சம். துணிமூட்டை தைத்த நூல் துண்டுகள், முறுக்கு உதிரல், பருப்புப் பொடி சிந்திய ஒரு மஞ்சள் தடம். சாப்பாட்டு மேசைமேல் தண்ணீர் ஜாடிக்கு அடியில் ஏதோ சிவப்பாகத் தெரிந்தது. என் வரைபடம். என் அம்புக்குறிகளின் மேல் தண்ணீர் வட்டம் விழுந்திருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. அதைத் தொடர்ந்து வேறொன்றும் தோன்றியது. இத்தனை வருஷமும் மற்றவர்கள் கிளம்பிப் போனார்கள், அவள் வீட்டில் இருந்தாள். எனக்காகப் பெருக்காமல் இருந்தாள், மகளுக்காகப் பெருக்காமல் இருந்தாள். நாங்கள் சேர்ந்து போனபோது வீடு பூட்டிக் கிடந்தது. அவளுக்காக என்று ஒரு நாளும் யாரும் துடைப்பத்தைக் கீழே வைத்ததில்லை. வைக்க வேண்டிய அவசியமும் வந்ததில்லை.

"இன்னிக்குப் பெருக்க வேண்டாம்மா" என்றேன்.

அந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் இந்த விஷயத்தில் பேசிய கேலியெல்லாம் அவர் காதிலும் விழுந்ததுதான். "சரிங்கய்யா. அம்மா போயிச் சேரட்டும்" என்று சொல்லிவிட்டுத் துடைப்பத்தைக் கதவுக்குப் பின்னால் சாய்த்துவிட்டுப் போனார்.

மத்தியானம் தாளிக்கப் போய்க் கடுகு டப்பாவைக் கொட்டிவிட்டேன். சமையலறை முழுக்க ஓடியது. குனிந்து பொறுக்க முடியாது, பெருக்கவும் கூடாது. கடுகின் மேல் வெறுங்காலோடு நடந்து பார்த்தவர்களுக்கு அந்தக் கஷ்டம் தெரியும். சுவரைப் பிடித்துக்கொண்டு ரசத்தை இறக்கினேன்.

விமானங்கள் எங்கே பறக்கின்றன என்று காட்டும் ஒரு செயலியைப் போனில் வைத்திருக்கிறேன். சிங்கப்பூர் விமானம் சரியாகப் போய் இறங்கியது. தகவலுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. வைஃபை பிடிக்கும் வழி ஜாடிக்கு அடியில் நனைந்துகொண்டிருக்கும்போது எப்படி வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காபி போட்டுக் குடித்தேன். பிறகு அடுத்த விமானம் சிங்கப்பூரை விட்டுக் கிளம்பியதாகச் செயலி காட்டியது. அப்போதும் அவளிடமிருந்து ஒன்றும் இல்லை.

மகள் கூப்பிட்டாள். "அப்பா, அம்மா பேசினாளா?"

"இல்லம்மா."

"அப்ப ஏறிட்டாளா இல்லையா?"

"தெரியலைம்மா."

விமானக் கம்பெனிக்குப் போன் செய்தேன். பயணிகள் விவரத்தைப் போனில் சொல்ல மாட்டோம் என்று மிக இனிமையான குரலில் சொன்னார்கள். எட்டு மாத வயிற்றோடு ஒருத்தி அங்கே கலங்கிக்கொண்டிருந்தாள், தையல் போட்ட வயிற்றோடு ஒருவன் இங்கே கலங்கிக்கொண்டிருந்தான். நடுவில், போன் திரையில், பசிபிக் கடலின் மேல் ஒரு சின்ன மஞ்சள் விமானம் நகராத மாதிரி நகர்ந்துகொண்டிருந்தது. அவள் அதில் இருக்கிறாளா, சிங்கப்பூரில் ஏதாவது நாற்காலியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறாளா? எனக்குப் பயமாக இருந்தது. அவள் இல்லாமல் ஒரு கடுகு டப்பாவைக்கூடப் பிடிக்கத் தெரியாதவன் நான் என்பதும் அன்றைக்குத்தான் நன்றாக உறைத்தது.

அந்த இரவு தூங்கினேன் என்று சொல்ல முடியாது. காலையில் குளிக்கும்போது தோளோடு நிறுத்திக்கொண்டேன். தலைக்குக் குளிக்க எனக்குத் தலையில் அதிகம் ஒன்றும் மிச்சமில்லை, இருந்தாலும் ஊற்றிக்கொள்ளவில்லை.

வேலைக்கு வரும் அம்மா வந்தார். கூடத்தைப் பார்த்தார். "முறுக்குக்கு எறும்பு வந்திருக்குங்கய்யா."

"வந்துட்டுப் போகட்டும்மா."

"அம்மா இன்னும் சேரலையா?"

"விமானத்துல ஏறினாளான்னே தெரியலை."

அவர் பாத்திரத்தை மட்டும் சத்தமில்லாமல் தேய்த்துவிட்டு, எறும்புகளைத் தாண்டித் தாண்டி நடந்தார். அவர் இருந்தபோதே விமானம் இறங்கியதாகச் செயலி காட்டியது. சிங்கப்பூரில் கிளம்பிய தேதியிலேயே, கிளம்பிய மணிக்கும் கொஞ்சம் முன்னதாகவே அங்கே போய் இறங்கிவிடுகிறது அந்த விமானம். கடலின் நடுவில் தேதி மாறுகிற கோடு செய்கிற வேலை. வேறொரு நாளாக இருந்தால் இந்த அதிசயத்தை யாரையாவது பிடித்து உட்காரவைத்து விளக்கியிருப்பேன். அன்றைக்குப் போனை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கி வெகுநேரம் ஆகியும் சத்தமில்லை.

பிறகு மாப்பிள்ளையிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. விமான நிலைய வாசலில் பெட்டி வண்டியைப் பிடித்துக்கொண்டு, புடவைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு என் மனைவி நின்றாள். கொண்டை கலைந்திருந்தது. முகத்தில் களைப்பு, ஆனால் பயத்தின் சாயலே இல்லை. நான் அழுதுவிட்டேன். பாத்திரம் முடித்தும் போகாமல் துணி அலசிக்கொண்டிருந்த அந்த அம்மாவிடம் போனைக் காட்டினேன். அவர் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார்.

"நல்லா இருக்காங்க. இப்பப் பெருக்கிடலாமாங்கய்யா?"

"இன்னும் இல்லம்மா. வீட்டுக்குப் போயித் தண்ணி குடிக்கணும்."

"அம்மா சொல்ற மாதிரியே சொல்றீங்க" என்று சிரித்துவிட்டு, இன்னும் ஒரு வீட்டு வேலையை முடித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார். அவர் திரும்பி வந்து துடைப்பத்தைக் கையில் எடுக்கிற நேரத்தில்தான் வீடியோ அழைப்பு வந்தது. முதலில் தெரிந்தது ஒரு தம்ளர். அதற்குப் பின்னால் அவள் முகம். குடித்து முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"போன் பண்ணலைன்னு கோவமா?"

கோபம் என்றேன். எங்கே போய்த் தொலைந்தாய் என்றும் கேட்டேன். அவள் சொன்னாள். திருச்சியிலிருந்து விமானத்தில் பக்கத்து இருக்கையில் வையம்பட்டிப் பக்கத்து அம்மா ஒருவர், ஆஸ்திரேலியாவில் மகன் வீட்டுக்குப் போகிறவர். அவருக்குப் படிக்கவே தெரியாது. சிங்கப்பூரில் இறங்கியதும் இவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லையாம். இவள் அவரை ரயிலில் ஏற்றி, வேறு டெர்மினலில் அவருடைய கேட்டைத் தேடிக் கண்டுபிடித்து, அங்கிருந்த பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு, அப்புறம் தன் விமானத்துக்குத் திரும்பி ஓடியிருக்கிறாள்.

"உனக்கு நேரம் இருந்துச்சா?" என்றேன்.

"இருந்துச்சா இல்லையான்னு யாரு பார்த்தா? கடைசி ஆளா ஏறினேன்."

"ஒரு மெசேஜாவது போட்டிருக்கலாம்ல?"

"ஒரு கையில பை, ஒரு கையில அந்தம்மா. போனை எடுக்கக் கை எங்கங்க இருந்துச்சு?"

"வழி எப்படித் தெரிஞ்சுது? மேப்பை இங்கயே வெச்சுட்டுப் போயிட்ட."

"அங்க போர்டுலயே சில இடத்துல தமிழ் இருக்குங்க. நீங்கதான் இங்கிலீஷ்ல எழுதிக் குடுத்தீங்க."

தனியாகச் சென்னைக்குப் போகாதவள் என்று நான் யாரை நினைத்துப் பயந்தேனோ அவள், வழி தெரியாத இடத்தில் இன்னொருத்திக்கு வழி காட்டிவிட்டுத் தன் வழியையும் பிடித்திருக்கிறாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை அவளிடம் சொன்னேன். அவள் கவனிக்கவில்லை. தலையைத் திருப்பித் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது என்னடி, வீடு இப்படிக் கிடக்கு?" என்றாள் மகளிடம்.

மகள் வீட்டில் தானாக ஓடிப் பெருக்கும் ஒரு வட்ட இயந்திரம் உண்டு. யாரும் சொல்லாமலே தினமும் கிளம்பி, சுவரில் முட்டி முட்டித் திரும்பும். தரையில் ஒரு முடி கிடந்தால்கூடப் பொறுத்துக்கொள்ளாதவள் என் மகள். போனைத் தரைப் பக்கம் திருப்பிக் காட்டினாள். தொட்டில் வந்த அட்டைப்பெட்டியின் துகள்கள், பிளாஸ்டிக் உறைத் துண்டுகள், சோபாவுக்குக் கீழே தூசி. மூலையில் அந்த இயந்திரம் விளக்கு அணைந்து கிடந்தது.

"நீ திருச்சியில கிளம்பினதுலேருந்து ஆஃப் பண்ணி வெச்சிருக்கேன்மா" என்றாள் மகள். "அது பாட்டுக்கு ஓடிடுமோன்னு ஒயரையும் பிடுங்கிட்டேன்."

நானும் போனைத் திருப்பி எங்கள் தரையைக் காட்டினேன். நூல், மஞ்சள் தடம், எறும்பு வரிசை, சமையலறை வாசல்வரை வந்திருந்த கடுகு. துடைப்பத்தோடு நின்ற அம்மா, "நான் பெருக்கறேன்னுதான் சொன்னேன், ஐயாதாம்மா விடலை" என்று எட்டிப் பார்த்துச் சொன்னார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ரெண்டு வீட்டையும் குப்பையாக்கிட்டுத்தான் வந்து சேர்ந்திருக்கேன்" என்றாள்.

மகள் இயந்திரத்தின் ஒயரைச் சொருகப் போனாள். "ஏய், இருடி. இங்க ராத்திரி. விளக்கு வெச்சப்புறம் பெருக்கக் கூடாது. காலையில பார்த்துக்கலாம்" என்று அதட்டல் வந்தது. மகள் "அம்மா" என்று நீட்டி முழக்கிவிட்டு ஒயரைக் கீழே போட்டாள்.

"அங்க பகல்தானே? அங்க பெருக்கச் சொல்லுங்க" என்றாள் என்னிடம். "போனை வெச்சுடாதீங்க. நான் பார்க்கறேன்."

போனை ஜாடியில் சாய்த்து வைத்தேன். துடைப்பம் கூடத்திலிருந்து ஆரம்பித்தது. நூல் துண்டுகளும் கடுகும் முறுக்கு உதிரலும் ஒன்றாகச் சேர்ந்து உருண்டு வந்தன.

"சோபாவுக்குப் பின்னாடி விட்டுப்போச்சு பாருங்க" என்றது போன்.